சுரங்கத்தில் இறந்தவருக்கான இழப்பீடு: கைநாட்டு வைக்கும் முன் குடும்பத்தார் அறிய வேண்டியவை

ஜாரியா, ராணிகஞ்ச், கோதாவரிப் பள்ளத்தாக்கு போன்ற நிலக்கரிப் பகுதிகளில் நிலத்தடியில் இறங்குவோரில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கூரை சரிந்தோ வாயு சூழ்ந்தோ ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதல் உள்ள சட்டம். இப்போது அது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கியிருக்கிறது.

ஏமாற்று வேலை சடலம் வீடு வந்த அன்றே தொடங்கிவிடும். கான்ட்ராக்டரின் ஆள் பணக்கட்டோடு வந்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என எழுதிய முத்திரைத்தாளை நீட்டுவார். அப்படி இரண்டு லட்சத்துக்குக் கைநாட்டு வைத்த ஒரு பெண், விரலில் மை காயும் முன்பே அழுத குழந்தையைத் தூக்கியதை அருகிலிருந்து பார்த்தேன். அவர் கணவருக்கு வயது 30. மாதக் கூலி 15,000 ரூபாய் எனக் கொண்டால், அதில் பாதியை அந்த வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்கி, 15,59,850 ரூபாய் கிடைத்திருக்க வேண்டும். மரண இழப்பீட்டை உரிய அதிகாரியிடமே கட்ட வேண்டும் என்பதால், மூன்று மாதக் கூலி வரையிலான முன்பணம் நீங்கலாக, வீட்டில் கொடுத்த பணம் இழப்பீடாகக் கணக்கில் சேராது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தமும் செல்லாது. ஆகவே கைநாட்டு வைத்துவிட்டவர்களும் தயங்காமல் மனுச் செய்யலாம்.

நிறுவனம் கான்ட்ராக்டரைக் கேட்கச் சொல்லும், கான்ட்ராக்டர் நிறுவனத்தைக் காட்டுவார். நிறுவனத்தின் வழக்கமான வேலையைச் செய்தவருக்கு நிறுவனமே பொறுப்பு என்பதால், மனுவில் இருவரையும் சேருங்கள். வெளிமாநிலத்தவர் என்றால் விபத்து நடந்த ஊருக்கே போகச் சொல்லித் தொழிலாளர் அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். குடும்பம் வசிக்கும் பகுதியின் அதிகாரியிடமே மனுக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது என்பதை அங்கே அழுத்திச் சொல்லுங்கள். குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை மீறினார் என்ற வாதங்கள் மரண வழக்கில் இழப்பீட்டைத் தடுக்க மாட்டா.

மிகக் கடினமானது, அவர் அன்று உள்ளே இறங்கினார் என்று நிரூபிப்பது. மஸ்டர் எனும் வருகைப் பதிவேட்டில் பெயர் விடுபட்டிருந்தாலும், தலைவிளக்கு வழங்கும் அறையின் பதிவேட்டில் விளக்கு எண்ணோடு பெயர் இருக்கக்கூடும். அதன் நகலை உடனே எழுத்தில் கேளுங்கள். உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலம், முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். கூலி ரொக்கமாக வந்திருந்தால் அந்தச் சாட்சிகளே கூலிக்கும் சாட்சி.

இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது எங்கும் பதிவாகாது. மனுவின் நகலில் தேதியுடன் அலுவலக முத்திரை விழும்வரை அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.