‘கிராக்குன்னா ஆன்டிவைரஸ் கத்தத்தான் செய்யும்’

“சார், நான் ஒண்ணுமே பண்ணலை. வைரஸ் தானா வந்துடுச்சு.” கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்காமல் ஒரு வாரம் போகாது. நல்ல ஃபைல் வேஷத்தில் வரும் கெட்ட புரோகிராம்தான் ட்ரோஜன். அதற்குத் தானாகப் பரவும் வித்தை தெரியாது. யாராவது அதை நல்ல ஃபைல் என்று நம்பித் திறக்க வேண்டும். அந்த யாராவது யாரென்று டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சமீபத்தில் வந்தவர் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர். யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருந்த லிங்க்கில் போட்டோஷாப் கிராக்கை, அதாவது காசு கட்டாமல் ஓட வைக்கும் திருட்டுப் பதிப்பை, இறக்கியிருக்கிறார். மறுநாள் ஒரு படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கெழுத்து வால். ஃபோல்டருக்கு ஒரு ரீட்மீ கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை, 490 டாலர். தள்ளுபடியோடு வரும் இந்த மிரட்டல் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் சொல்லப்படும் ரான்சம்வேர் இது, அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வகை. பெரிய கம்பெனிகளைத் தேடிப் போகாது. கிராக், லைசென்ஸ் வாங்காமல் விண்டோஸை ஓட வைக்கும் ஆக்டிவேட்டர் என்று தேடும் வீட்டுக்காரர்கள்தான் இதன் வாடிக்கையாளர்கள்.

“ஆன்டிவைரஸ் இல்லையா?”

“இருந்துச்சு சார். கிராக் போடறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணச் சொல்லியிருந்தான். கிராக்குன்னா அது கத்தத்தான் செய்யும், ஒண்ணும் ஆகாதுன்னு…”

இந்த ‘ஒண்ணும் ஆகாது’தான் எனக்குப் பொறுக்கவே முடியாதது. படித்தவர், படிக்காதவர், இன்ஜினியரிங் மாணவர் என்று வித்தியாசமில்லாமல் எல்லோரும் சொல்கிறார்கள். திருட்டு சாஃப்ட்வேரைப் பிடிக்காத கம்பெனிகள் வேண்டுமென்றே பொய்யாகக் கத்த வைக்கின்றன என்று ஒரு விளக்கமும் தயாராக வைத்திருக்கிறார்கள். இதில் கால்வாசி உண்மை இருப்பதால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். ஆக்டிவேட்டர்களை விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ‘ஹேக்டூல்’ என்ற தனி வகையில் பிடிக்கும். தவறான எச்சரிக்கைகளும் வரும், மறுக்கவில்லை. ஆனால் சிவப்புப் பெட்டி வந்ததும் அதில் ஹேக்டூல் என்று இருக்கிறதா, ட்ரோஜன் என்று இருக்கிறதா என எத்தனை பேர் படிக்கிறீர்கள்? சரி, ஹேக்டூல் என்றே இருக்கட்டும். அதே ஜிப்பில் பக்கத்தில் படுத்திருக்கும் ஃபைலுக்கு யார் உத்தரவாதம்?

‘ஆஃப் பண்ணு’ என்று சொன்னது யார், யோசித்தீர்களா? அந்த ஃபைலைச் செய்தவனேதான். நாய் குரைக்கிறதே என்று அதன் வாயைக் கட்டிவிட்டு, வாசலில் நிற்பவனைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு 1234 என்று வீடியோவின் கீழே எழுதியிருப்பான். ஊருக்கே சொல்லும் பாஸ்வேர்டு எதற்கு? பூட்டிய ஜிப்புக்குள் ஸ்கேனரால் எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான். சில ஜிப்புகளைத் திறந்தால் உள்ளே இருக்கும் செட்டப் ஃபைல் மட்டும் 700 எம்பிக்கு மேல் வீங்கும். உள்ளே பெரும்பகுதி வெறும் பூஜ்யம். ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களால் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளம் 650 எம்பிக்கு மேல் ஃபைலை வாங்காது என்பது அவனுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பதும் தெரியும்.

ஆல்பம்காரர் படங்களுக்காக அழுதுகொண்டிருந்தார். நான் கேட்டது அவருடைய ஜிமெயிலைப் பற்றி. ஏனென்றால் இந்த டிஜேவியு பல சமயம் தனியாக வருவதில்லை. தகவல் திருடும் ட்ரோஜன் ஒன்றையும் கூடவே கூட்டி வரும். அது கடிதமெல்லாம் வைக்காது. ப்ரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் லாகின் செய்திருப்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் குக்கீகளையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிட்டுப் போய்விடும். “கம்ப்யூட்டர் ஸ்லோவாகலையே சார்” என்பார்கள். திருடியவன் கிளம்பிப் போன பிறகு ஏன் ஸ்லோவாக வேண்டும்?

குக்கீ கையில் இருந்தால் பல தளங்களில் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பதாகவே தளம் நினைத்துக்கொள்ளும். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பிரபல யூடியூப் சேனல் இப்படித்தான் கைமாறியது. ஸ்பான்சர் அனுப்பிய பிடிஎஃப் என்று அங்கே ஒருவர் ஒரு ஃபைலைத் திறந்தார், அவ்வளவுதான். கம்ப்யூட்டரே தொழிலாக இருப்பவர்கள் அவர்கள். மாதச் சந்தாவுக்கு விற்கப்பட்ட லும்மா என்ற திருட்டு ட்ரோஜனை 2025 மே மாதம் முடக்கியபோது, முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? வேகத்தை விடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’, அதில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’, கடைசியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ வரை போங்கள். இங்கே இருப்பதை டிஃபெண்டர் தொடாது. நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் அங்கே இருந்தால், அதிலும் சி டிரைவ் முழுவதுமே இருந்தால், யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் ‘இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று வருவதையும் சும்மா விடாதீர்கள். ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் தளங்கள் மட்டும் திறக்காமல் அடம்பிடிப்பதும் ஓர் அறிகுறி. சும்மா இருக்கும்போது ஃபேன் இரைந்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கிப்போகும். ஒளிந்துகொண்டு கிரிப்டோ காசு தோண்டும் சில ட்ரோஜன்களின் குணம் அது. நீங்கள் போகாத ஊரிலிருந்து உங்கள் மெயிலுக்குள் யாரோ நுழைந்ததாகத் தகவல் வந்தால் அதை ஸ்பேம் என்று ஒதுக்காமல், மெயில் கணக்கின் செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள்.

சந்தேகம் வந்துவிட்டதா? முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றாதீர்கள், புண்ணியமாகப் போகும். போனில் மாற்றுங்கள், மெயிலில் தொடங்குங்கள், கையோடு ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள்; திருடிய குக்கீ அதோடு செத்துவிடும். டிஃபெண்டரில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ இருக்கிறது, ரீஸ்டார்ட் ஆகி சுமார் கால் மணி நேரம் ஓடும். ஆனால் பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் என்றால் ஸ்கேனோடு நான் நிறுத்தமாட்டேன். வேறொரு கம்ப்யூட்டரில் விண்டோஸை நிறுவும் பூட் பென் டிரைவ் செய்து, சுத்தமாக ஃபார்மட்தான். பேக்கப்பிலிருந்து படங்கள், டாக்குமெண்ட்கள் மட்டும் திரும்பி வரலாம். பழைய செட்டப் ஃபைல்கள் வரக்கூடாது. பணம் போயிருந்தால் எங்கள் கடைக்கு வருவதற்கு முன்னால் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

டிஜேவியு பூட்டிய ஃபைல்களை அழித்துவிடாதீர்கள், தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். அதன் சர்வரோடு தொடர்பு கிடைக்காமல் தன்னோடு கொண்டுவந்த பொதுவான ‘ஆஃப்லைன்’ சாவியால் பூட்டியிருந்தால், எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனியின் இலவசக் கருவி திறக்க வாய்ப்பு உண்டு. ஃபைலின் முதல் 150 கேபி அளவைத்தான் அது பூட்டும் என்பதால் பெரிய வீடியோக்கள் சில நேரம் தேறும். சிறிய படங்கள் தேறுவது கஷ்டம்.

இனிமேலாவது: ஃபைல் பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வையுங்கள். விண்டோஸ் அதை மறைத்து வைப்பதால்தான் ‘பில் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸ்இ’ உங்களுக்கு வெறும் பிடிஎஃப் போலத் தெரிகிறது. ‘நான் ரோபோ இல்லை’ என்று நிரூபிக்க விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்து, கன்ட்ரோல் வி அழுத்து, என்டர் தட்டு என்று எந்தத் தளம் சொன்னாலும் உடனே மூடுங்கள். நேர்மையான தளம் எதுவும் அப்படிக் கேட்காது. பையன் கேம் விளையாட அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுண்ட் போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அதையும் கவனியுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே கிடந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். காசு இல்லையென்றால் ஆஃபீஸ் வேலைக்கு லிப்ரேஆஃபீஸ், படங்களுக்கு கிம்ப், டிசைனுக்கு இன்க்ஸ்கேப் எல்லாம் இலவசம், கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள் அய்யா.

அப்புறம் எங்கள் தொழில்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் போட்டுக் கொடுக்கும்போதே ஆக்டிவேட்டரையும் போட்டு, அது பிடிபடாமலிருக்க டிஃபெண்டரை ஊமையாக்கி அனுப்பும் கடைகள் நிறைய. அதனால் சர்வீஸ் முடிந்து வாங்கும்போது ஸ்கிரீன் எரிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கடையிலேயே, அவர் முன்னாலேயே, அந்த எக்ஸ்க்ளூஷன்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏதாவது இருந்தால் நீக்கச் சொல்லிவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள்.