உளியைப் பிடிக்கும்போது கண்ணாடியை எடுத்து வையுங்கள்

சென்ற வாரம் கல்லடியிலுள்ள என் வேலைக்கூடத்துக்கு ஒரு மாணவி, இடக்கைச் சுட்டுவிரலில் நான்கு தையல்களோடு வந்தார். மை பூசி அச்செடுப்பதற்காகத் தன் முகத்தை மரக்கட்டையில் செதுக்கிக்கொண்டிருந்தபோது உளி வழுக்கியிருக்கிறது. இந்த வருடத்தில் இதே காயத்தோடு நான் காணும் மூன்றாவது பிள்ளை இவர். மூவரும் மழுங்கிய உளியால், எதிரே கண்ணாடியை வைத்துக்கொண்டு செதுக்கியவர்கள்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மழுங்கிய உளிதான் பாதுகாப்பு என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததென்று எனக்கு விளங்கவில்லை. பெற்றோர் மட்டுமல்ல, சொல்லிக்கொடுப்பவர்களே முனை தேய்ந்த உளிகளைத் தேடியெடுத்துப் பிள்ளைகளிடம் கொடுக்கிறார்கள். கூரான உளி மரத்துக்குள் இறங்கி நிற்கும். உள்ளங்கையால் மெல்லத் தள்ளினாலே மயிரிழை போன்ற சுருள் எழும்பும். மழுங்கியது மரத்தில் ஏறாது. ஏறாததால் தோள்பலம் முழுவதையும் கொடுத்து அழுத்துவீர்கள். முனை விடுபடும் கணத்தில் அந்தப் பலமெல்லாம் முன்னோக்கிப் பாயும், முன்னே இருப்பது உங்கள் இடக்கை. மழுங்கின கத்தியால் தக்காளி வெட்டிப் பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டியதில்லை. உளிமுனையைப் பெருவிரல் நகத்தில் அழுத்தாமல் வைத்துப் பாருங்கள். நகத்தில் பற்றினால் வேலையைத் தொடங்கலாம். வழுக்கினால் சாணைக்கல்லுக்குத் திரும்புங்கள்.

மரமும் முக்கியம். மரக்காலையில் வாங்கும் பலகை நெடுக்காக அறுத்தது. அதன் நார், நுண்ணுளியைத் தன் வழிக்கு இழுத்துவிடும். உலோகச் செதுக்கில் பயின்ற இங்கிலாந்தின் தோமஸ் பெவிக் (1753–1828) அந்த உளியையே மரத்துக்குக் கொண்டுவந்து, குறுக்கே அறுத்த கட்டையின் முகத்தில் வேலை செய்தார். அவர் பயன்படுத்திய பொக்ஸ் மரம் இங்கே இல்லை. நன்றாகக் காய்ந்த, முற்றிய தேசிமரத்தின் அடிக்கட்டை எனக்குக் கைகொடுக்கிறது. கட்டையைத் தோல் மணற்பையின் மேல் வையுங்கள். வளைகோடு வேண்டுமானால் இடக்கையால் கட்டையைத் திருப்புங்கள், உளியைத் திருப்பாதீர்கள். அந்த இடக்கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

இனிக் கண்ணாடி. முகத்தைப் பார்க்கக் கண் மேலே போகும்போது கை தானாக நிற்பதில்லை. ஆகவே, கண்ணாடி முன்னிருந்து முதலில் தாளில் வரையுங்கள். ஜன்னலின் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் விழட்டும். பிறகு கட்டைக்குக் கறுப்பு மை பூசி, அதன்மேல் வெள்ளைப் பென்சிலால் அந்தப் படத்தை எடுத்தெழுதி, கண்ணாடியை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். உளி பட்ட இடமெல்லாம் அச்சில் வெள்ளையாகும் என்பதால், நீங்கள் செதுக்குவது கன்னத்தில் விழுந்த ஒளியைத்தான். நிழலை அப்படியே விட்டுவிடுங்கள். இடம் வலம் மாறிவிடுமே என்று அஞ்சிப் படத்தைத் திருப்பிப் போடவும் வேண்டாம். கண்ணாடியில் கண்டபடியே வரைந்தால், அச்சில் ஒருமுறை திரும்பி, பிறர் காணும் உங்கள் முகமாகவே அது வந்துவிடும்.

காயம் பட்டால் ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். கோப்பித்தூளும் மஞ்சளும் வைக்காதீர்கள், தயவுசெய்து. விரல் மரத்துப்போனாலோ மடக்க முடியாவிட்டாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்; ஏற்பு ஊசியைப் பற்றியும் கேளுங்கள்.

ஜேர்மனிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் (1867–1945) இளமை தொட்டு முதுமை வரை தன் முகத்தை வரைந்தும் அச்சிட்டும் வந்தார். பிள்ளைகளே, ஒரே இரவில் முடிக்க வேண்டிய வேலை இதுவல்ல. அந்த மாணவியின் கட்டையில் இடக்கண் பாதியில் நிற்கிறது. தையல் பிரிக்கும் வரை தொட வேண்டாமென்று அவருடைய உளிகளை நான் வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றைத் தீட்டி முடித்துவிட்டேன், இன்னும் இரண்டு இருக்கின்றன.