அறுபது பாகையும் எழுநூற்று இருபது பாகையும்

சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்பதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு தனித்தனி உண்மைகள் அடங்கியிருக்கின்றன. மூன்று கோணங்களும் தமக்குள் சமம் என்பது ஒன்று. அந்தச் சம அளவு 60 பாகை என்பது மற்றொன்று. முதலாவது, பக்கங்கள் சமமாக இருப்பதால் வருவது. இரண்டாவது, முக்கோணம் வரையப்பட்டிருக்கும் பரப்பு தட்டையாக இருப்பதால் வருவது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால், 60 என்ற எண் எங்கே நிலைக்கும், எங்கே நிலைக்காது என்பது தெளிவாகிவிடும்.

கோணங்கள் சமமாவதற்கான காரணம் எளியது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கணித அறிஞர் பாப்பஸ் காட்டிய வழியில், இரு பக்கங்கள் சமமான ஒரு முக்கோணத்தை இடவலமாகப் புரட்டி அதன் மீதே பொருத்தினால், சமப் பக்கங்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமர்ந்து கச்சிதமாகப் பொருந்துகின்றன; ஆகவே அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமமாகவே இருக்க வேண்டும். மூன்று பக்கங்களும் சமமென்றால் எந்த இரண்டை எடுத்தாலும் இதே முடிவு. இது முக்கோணத்துக்கு மட்டுமே வாய்த்த பண்பு. சம நீளமுள்ள நான்கு குச்சிகளை முனைகளில் ஆணியடித்து இணைத்தால் சதுரமும் ஆகும், சாய்ந்த சாய்சதுரமும் ஆகும்; பக்கங்கள் மாறாமலே கோணங்கள் நழுவும். மூன்று குச்சிகளோ அசைந்துகொடுப்பதில்லை. இரும்புப் பாலங்களின் சட்டகங்களில் முக்கோணங்கள் நிறைந்திருப்பது இதனால்தான்.

அளவு 60 ஆவதற்கு வேறொரு காரணம் தேவை. முக்கோணத்தின் ஒரு முனை வழியாக எதிர்ப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்தால், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதால், கீழே உள்ள இரு கோணங்களும் மேலே வந்து மூன்றாவது கோணத்தின் இருபுறமும் அமர்ந்துகொள்கின்றன. மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோடு, அதாவது 180 பாகை. அதை மூன்றால் வகுத்தால் 60. இந்த நிரூபணத்தின் உயிர், அந்த இணைகோடு. இணைகோடு என்பது தட்டையான தளத்தில் மட்டும் இப்படி நடந்துகொள்ளும் பொருள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஆறு அறுபதுகள் சேர்ந்தால் 360. எனவே ஆறு சமபக்க முக்கோணங்கள் ஒரு புள்ளியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடைந்து, ஓர் ஒழுங்கு அறுகோணம் ஆகின்றன. வட்டம் வரைந்த கவராயத்தின் விரிவை மாற்றாமல் வட்டத்தின் மேல் வெட்டிக்கொண்டே போனால் ஆறாவது வெட்டு தொடங்கிய இடத்திலேயே வந்து விழுவதும் இதே கணக்குதான். யூக்ளிட் தம் நூலின் முதல் பாகத்தில் செய்யும் முதல் வரைதலே சமபக்க முக்கோணம். வட்டத்துக்குள் அறுகோணம் நான்காம் பாகத்தில் வருகிறது.

இனி, ஆறில் ஒன்றை எடுத்துவிடுவோம். ஐந்து முக்கோணங்களுக்கு 300 பாகைதான். மீதி 60 பாகை இடைவெளியை மூடி ஒட்டினால் தாள் தட்டையாக இருக்க முடியாமல் கூம்பாக எழும்புகிறது. எல்லா முனைகளிலும் இப்படி ஐந்தைந்தாகச் சேர்த்துக்கொண்டே போனால், 12 முனைகளுடன் இருபதுமுகி என்னும் திண்மம் மூடிக்கொள்கிறது. நான்கு நான்காகச் சேர்த்தால் 6 முனைகளுள்ள எண்முகி. மும்மூன்றாகச் சேர்த்தால் 4 முனைகளுள்ள நான்முகி. (ஏழு முக்கோணங்களை ஒரு முனையில் திணித்தால் இடம் போதாமல் பரப்பு அலையாக நெளியும்; அது வேறு கதை.)

இந்த மூன்று திண்மங்களிலும் முனைகள்தோறும் 360 பாகைக்கு எவ்வளவு கோணம் குறைகிறது என்று கூட்டிப் பாருங்கள். இருபதுமுகியில் ஒரு முனைக்கு 60 வீதம் 12 முனைகள்: 720. எண்முகியில் 120 வீதம் 6 முனைகள்: 720. நான்முகியில் 180 வீதம் 4 முனைகள்: மீண்டும் 720. இது தற்செயலன்று. கோளம்போல ஓட்டையின்றி மூடிய எந்தப் பன்முகத் திண்மத்திலும் மொத்தக் குறைவு 720 பாகைதான் என்பதை 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் ரெனே டெகார்ட் எழுதிவைத்திருந்தார். மூலப்படி தொலைந்துபோய்விட்டது, 1676-இல் பாரிஸில் ஜெர்மானியக் கணித அறிஞர் லைப்னிட்ஸ் எடுத்த நகல் ஒன்றே எஞ்சி, 19-ஆம் நூற்றாண்டில் வெளிவந்தது. ஒரு பரப்பு தன்னைத்தானே மூடிக்கொள்வதற்குச் செலுத்த வேண்டிய விலை 720 பாகை என்று கொள்ளலாம்.

உயிருலகமும் இந்த விலையைச் செலுத்துகிறது. சளி, கண்வலி போன்றவற்றை உண்டாக்கும் அடினோ வைரஸின் புரத உறை இருபதுமுகி வடிவம் கொண்டது. அதன் முகங்கள் 240 ஹெக்சான் கூறுகளால் ஆனவை. ஒவ்வொரு ஹெக்சானையும் ஆறு அண்டைக் கூறுகள் சூழ்கின்றன. 12 முனைகளில் மட்டும் பென்டான் என்னும் கூறு அமர்ந்திருக்கிறது; அதைச் சூழ்பவை ஐந்துதான். ஆறு சூழ்ந்த இடத்தில் உறைக்கு வளைவு கிடைப்பதில்லை. ஐந்து சூழ்ந்த ஒவ்வோர் இடமும் 60 பாகை தருகிறது. உறை மூடுவதற்கு அப்படிப்பட்ட இடங்கள் மிகச் சரியாகப் பன்னிரண்டு வேண்டும்.

இப்போது கோளத்தின் மேலேயே முக்கோணம் வரைவோம். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை இரு தீர்க்கக் கோடுகள், அவற்றுக்கு இடையே 90 பாகை. மூன்று பக்கங்களும் ஏறக்குறைய 10,000 கி.மீ.; மூன்று கோணங்களும் செங்கோணம். பாப்பஸின் புரட்டல் இங்கும் செல்லுபடியாகிறது, அதனால் கோணங்கள் சமமாகவே இருக்கின்றன. இணைகோட்டு வாதம் செல்லுபடியாகவில்லை, அதனால் 60 போய்விட்டது. கூட்டுத்தொகை 270, அதாவது 90 பாகை மிகை. இத்தகைய எட்டு முக்கோணங்கள் பூமியை முழுதும் மூடும்; எட்டு முறை 90 என்பது 720. இருபதுமுகியை ஊதிக் கோளமாக்கினால் ஒவ்வொரு கோணமும் 72 ஆகி, முக்கோணத்துக்கு 36 பாகை மிகை வரும். இருபது முறை 36-உம் 720. முனைகளில் குறைந்திருந்த அதே கோணம், இப்போது பரப்பெங்கும் சீராகப் பரவி மிகையாக வெளிப்படுகிறது. நினைக்க நினைக்க வியப்பூட்டும் சமன்பாடு இது.

மிகை, முக்கோணத்தின் பரப்பளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. பூமியில் சுமார் 197 சதுர கி.மீ.க்கு ஒரு விகலை, அதாவது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. வீட்டு மனை அளக்கும்போது இதை யாரும் காண முடியாது. ஆனால் 1802-இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு (மற்ற நீளங்களைக் கணக்கிட ஆதாரமாக நேரடியாக அளக்கும் முதல் கோடு) அளந்து தொடங்கிய நில அளவை, முக்கோணம் முக்கோணமாகத் துணைக்கண்டம் முழுதும் விரிந்தபோது அது கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்துக்கு 50 கி.மீ. உள்ள ஒரு சமபக்க முக்கோணத்தில் மிகை ஐந்தரை விகலை. அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் கருவியான அவருடைய தியோடலைட்டுக்கு அது புறக்கணிக்கக்கூடிய அளவன்று. அளவையாளர்கள் இயன்றவரை 60 பாகையை ஒட்டிய கோணங்களையே தேடினார்கள்; கோணம் மிகக் கூர்மையானால் சிறு அளவீட்டுப் பிழையும் பக்க நீளத்தில் பெரிதாகிவிடும். அப்படித் தேர்ந்தெடுத்த முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் அளந்தபின், கூட்டுத்தொகையை 180 பாகையோடு ஒப்பிடாமல், 180-உடன் அந்த முக்கோணத்துக்குரிய மிகையைச் சேர்த்து வந்த எண்ணோடுதான் ஒப்பிட்டார்கள்.