ஃபோனில் வைஃபை வருகிறது, லேப்டாப்பில் வரவில்லையா? ரவுட்டரில் ஊசியைக் குத்தாதீர்கள்

'வைஃபை போச்சு' என்று எங்கள் சர்வீஸ் கடைக்கு வரும் லேப்டாப்கள் பலவற்றில், கழற்றிப் பார்க்கிற அளவுக்குப் பழுது இருப்பதில்லை. ஆனால் அதற்குள் வீட்டில் ஒரு கை வைத்தியம் நடந்து முடிந்திருக்கும். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு ரீசெட் செய்திருப்பார்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டோடு, நெட் கம்பெனி போட்டுக் கொடுத்த யூசர்நேமும் பல ரவுட்டர்களில் அதோடு அழிந்துவிடும். ஒரு லேப்டாப்புக்கு வராத நெட், இப்போது வீட்டில் எதற்குமே வராது.

முதலில் ஃபோனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் ஏதாவது திறந்து பாருங்கள். 'ஃபோனில் நல்லா வருதே' என்று சொல்பவர்கள் பலர், டேட்டாவில் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். ஃபோனிலும் வரவில்லையா? லேப்டாப்பை விட்டுவிடுங்கள். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வரும் லைனில்தான் கோளாறு. நெட் கம்பெனிக்குத்தான் புகார் சொல்ல வேண்டும்.

ஃபோனில் வந்து லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால், எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரே தெரியவில்லையா? ஏரோபிளேன் மோடு விழுந்திருக்கிறதா பாருங்கள். கீபோர்டைத் துடைக்கும்போது அந்தப் பட்டன் அழுந்துவது சகஜம். அக்கம்பக்கத்துப் பெயர்கள் எல்லாம் தெரிந்து உங்களுடையது மட்டும் இல்லை என்றால், ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் மட்டும் ஓடலாம். பெயரின் கடைசியில் '5ஜி' என்று ரவுட்டர் போடுவது இதைத்தான். செல்போன் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் 'என் லேப்டாப் 5ஜி சப்போர்ட் பண்ணாதா?' என்று வாரம் தவறாமல் யாராவது கேட்டுவிடுகிறார்கள். பழைய லேப்டாப்கள் பலவற்றில் இருக்கும் வைஃபை கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் அதையும் ஆன் செய்து தனிப் பெயர் வைத்தால் போதும்.

பெயர் தெரிகிறது, ஆனால் இணைய மாட்டேன் என்கிறதா? பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள், லேப்டாப் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பெயரின் மேல் 'ஃபர்கெட்' கொடுத்துப் புதிதாக அடியுங்கள். புது ரவுட்டர் வந்த பிறகு ஆரம்பித்த தொல்லை என்றால், ரவுட்டர் செட்டிங்கில் செக்யூரிட்டி, டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய கார்டுகளுக்கு அது புரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றிவிடலாம்.

அப்புறம் மூன்றாவது ரகம், ஆளைச் சுற்றவிடுவது இதுதான்: இணைந்துவிட்டது, சிக்னலும் முழுசாக இருக்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை. வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் ஐபிவி4 எண்ணைப் பாருங்கள். வீட்டு ரவுட்டர் கொடுக்கும் எண் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று இருந்தால் ரவுட்டர் எண்ணே தரவில்லை, லேப்டாப் தனக்குத்தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். லேப்டாப்புக்கு ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸில் சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் ஷட்டவுன் முழு ஷட்டவுன் ஆகாது, அதனால் ரீஸ்டார்ட்தான் வேண்டும்.

எண் சரியாக இருந்தும் எந்தத் தளத்துக்குப் போனாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வந்தால், திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். ரொம்ப நாள் பீரோவில் கிடந்த லேப்டாப் 2018 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதிக்குச் செல்லாது என்பதால் பிரவுசர் தடுத்துவிடுகிறது. தேதியைத் திருத்தினால் அந்த நிமிடமே எல்லாம் திறக்கும். மறுபடி மறுபடி தேதி மாறினால் உள்ளே தேதி, நேரத்தைக் காப்பாற்றும் சீமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றப் பெரிய செலவில்லை. இதற்காக விண்டோஸை ஃபார்மட் செய்து கொண்டுவந்தவர்கள் உண்டு, குடும்பப் படங்களெல்லாம் போய்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கூகுளில் தேடி முதலில் வரும் 'கஸ்டமர் கேர்' நம்பருக்கு அடிக்காதீர்கள். பில்லிலோ கம்பெனி ஆப்பிலோ இருக்கும் நம்பர்தான் சரி. பேசுகிறவர் திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொல்லி, பத்து ரூபாய் கட்டச் சொன்னால் உடனே ஃபோனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள்.

விண்டோஸில் பாகங்களின் பட்டியலைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரே காணவில்லை என்றால், கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் போயிருக்கலாம். நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? ஃபோனைச் சார்ஜ் கேபிளால் லேப்டாப்பில் செருகி ஃபோன் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், ஃபோனின் நெட் லேப்டாப்புக்கு வந்துவிடும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டே டிரைவரை எடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கார்டு போயிருக்கும், கடைக்கு வாருங்கள். சில மாடல்களில் கார்டு போர்டோடு சேர்ந்தே இருக்கும், மாற்ற முடியாது. அவற்றுக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் யூஎஸ்பி அடாப்டரே போதும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் தெரிந்த டூயல் பேண்ட் என்று கேட்டு வாங்குங்கள்.