மூன்று பட்டம், நான்கு நூல்: அடுக்கு எப்படிப் பறக்கிறது?

பறந்துகொண்டிருக்கும் பட்டத்தை நடுவானில் சட்டென நிறுத்தலாம், வந்த வழியே பின்னோக்கி ஓட்டலாம், நின்ற இடத்திலேயே சக்கரம்போலச் சுழற்றலாம். அதற்கு நான்கு நூல்கள் வேண்டும். அப்படிப்பட்ட பட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, அதே நான்கு நூல்களால் ஓட்டுவதுதான் அடுக்கு. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஹட்ஸிக்கி சகோதரர்கள் உருவாக்கிய 'ரெவல்யூஷன்' பட்டத்தால்தான் இந்த வகை உலகெங்கும் பரவியது. மேலே முன்விளிம்பாக, அகலமாக ஒரு கார்பன் குழாய், அதிலிருந்து கீழே இறங்கும் இரண்டு குச்சிகள், இடையில் நைலான் துணி. அவ்வளவுதான் எலும்புக்கூடு. இரண்டு கைப்பிடிகளில் ஒவ்வொன்றின் மேல்முனையிலிருந்தும் ஒரு நூல் பட்டத்தின் மேல்பகுதிக்குப் போகும். கீழ்முனையிலிருந்து ஒன்று கீழ்பகுதிக்குப் போகும்.

மேல் நூல்களை இழுத்தால் பட்டத்தின் கீழ்விளிம்பு நம்மைவிட்டு விலகிச் சாயும். மோதும் காற்று கீழ்ப்பக்கம் வழுக்கி வெளியேற, பட்டம் தன் முன்விளிம்பு காட்டும் திசையில் பாயும். கீழ் நூல்களை இழுத்தால் சாய்வு மாறி, முதலில் பிரேக், அப்புறம் ரிவர்ஸ். ஒரு கையால் முன்னோக்கியும் மறு கையால் பின்னோக்கியும் செலுத்தினால் சுழற்சி. ஆக, எல்லாமே சாய்வின் கணக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுக்கில் என்ன சிக்கல் என்பது உடனே புரியும்: கையில் இருக்கும் நான்கு நூல்களும் முதல் பட்டத்தோடு முடிந்துவிடுகின்றன. பின்னால் இருக்கும் பட்டங்களுக்கு அந்தச் சாய்வை யார் சொல்வது?

ஒரே நூலில் பல பட்டங்களைக் கோர்ப்பது பழைய வித்தை. 1919இல் ஜெர்மனியின் லிண்டன்பெர்க் வானிலை ஆய்வு நிலையத்தில் எட்டுப் பட்டங்களைத் தொடராகக் கட்டி 9,740 மீட்டர் உயரம் வரை அனுப்பினார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு பட்டமும் தன்பாட்டுக்குப் பறந்தால் போதும். அடுக்கில் அது போதாது. முதல் பட்டம் 5 டிகிரி சாய்ந்தால் கடைசிப் பட்டமும் அதே 5 டிகிரி, கிட்டத்தட்ட அதே நொடியில், சாய வேண்டும்.

இதைச் செய்வது பட்டங்களுக்கு இடையே கட்டப்படும் இணைப்பு நூல்கள். முதல் பட்டத்தின் நான்கு மூலைகளையும் இரண்டாவதன் நான்கு மூலைகளோடு ஒரே நீளமுள்ள நூல்களால் இணைத்தால், பக்கவாட்டில் பார்க்க ஓர் இணைகரம் கிடைக்கும். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருக்கும்வரை ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கமும் அதே கோணத்தில் சாய்ந்தே ஆக வேண்டும். பள்ளி வடிவியல்தான், ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நூலால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. நூல் தொய்ந்த மறுகணமே இணைகரம் காணாமல் போய்விடும். அதைத் தொய்யவிடாமல் வைத்திருப்பது காற்று. பின்பட்டங்களைக் காற்று ஓயாமல் பின்னோக்கித் தள்ளுவதால் இணைப்புகள் விறைப்பாக இருக்கின்றன. தலைக்கு நேர்மேலேயோ, காற்று வீசும் திசைக்குப் பக்கவாட்டில் வெகுதூரமோ பட்டத்தைக் கொண்டுபோனால் இந்த அழுத்தம் குறையும்; பின்பட்டம் சொல்பேச்சு கேட்காமல் அலையும். அடுக்கோடு அந்த ஓரங்களுக்குப் போனால் ஓரிரு அடி பின்னால் நகர்ந்து விறைப்பை மீட்கத் தயாராக இருக்க வேண்டும்.

நீளத் துல்லியம் பற்றிப் பலரும் பொதுவாக எச்சரிப்பார்கள். எந்த நூலில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். முழு அளவுப் பட்டம் ஒன்றின் அகலம் சுமார் 240 செ.மீ., உயரம் சுமார் 75 செ.மீ. என்று வைப்போம். இடப்பக்க இணைப்பு வலப்பக்கத்தைவிட 1 செ.மீ. நீண்டுவிட்டால் பின்பட்டம் கால் டிகிரி திரும்பும், பெரிதாகத் தெரியாது. ஆனால் கீழ் இணைப்பு மேல் இணைப்பைவிட 1 செ.மீ. நீண்டால் சாய்வு முக்கால் டிகிரி மாறும். அதே தவறு ஒவ்வொரு இடைவெளியிலும் நடந்தால், ஐந்து பட்ட அடுக்கின் கடைசிப் பட்டம் முதலாவதைவிட 3 டிகிரி விலகி நிற்கும். நடுவானில் அசையாமல் நிறுத்தப் பார்க்கும்போது அந்த 3 டிகிரி போதும், முதல் பட்டம் நிற்க, கடைசி முன்னே போகத் துடிக்கும். கீழ் நூல் நீண்டால் முன்னோக்கிய வேகம் கூடும், குறைந்தால் பிரேக் கூடும் என்பதை நினைவில் வைத்தால் பழுதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆகவே என் பார்வையில் மேல், கீழ் நூல்களை ஒப்பிடுவதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

அளவெடுக்க ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்துக்கொள்வது போதும். நீட்சி மிகக் குறைந்த பாலிஎத்திலீன் இழையை, டைனீமா போன்றதை, எடுக்கலாம். இழையே நீளாவிட்டாலும் முடிச்சு இறுகும்போது நீளம் மாறும். அதனால் எல்லா முடிச்சுகளையும் பலமாக இழுத்து இறுக்கிய பிறகே ஆணியில் மாட்டிச் சரிபார்க்க வேண்டும். பட்டங்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரு பட்டத்தின் உயரம் அளவு இடைவெளி விட்டுத் தொடங்கலாம்.

எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். பின்னால் இருக்கும் எல்லாப் பட்டங்களின் இழுவையும் முதல் பட்டத்தின் வழியாகத்தான் கைக்கு வருகிறது. முதல் பட்டத்தில் சூத்திரம் (கைநூலைப் பட்டத்தோடு இணைக்கும் குறுநூல்கள்) கட்டியிருக்கும் அதே இடங்களில் இணைப்பையும் கட்டினால், இழுவை முடிச்சிலிருந்து முடிச்சுக்கு நேராகக் கடந்துவிடும், குச்சி வளையாது. தள்ளிக் கட்டினால் முதல் பட்டத்தின் சட்டகம் எல்லாருடைய பாரத்தையும் சுமந்து வளையும். மூலைகளோடு முன்விளிம்பின் நடுவிலும் இணைப்பு கொடுப்பது இதனால்தான். பின்பட்டங்களுக்குச் சூத்திரமே தேவையில்லை.

சரி, இழுவை எவ்வளவு? 1 சதுர மீட்டர் துணியில் மணிக்கு 18 கி.மீ. காற்று நேராக மோதினால் தோராயமாக ஒன்றரை கிலோ எடைக்குச் சமமான விசை. காற்று இருமடங்கானால் விசை நான்கு மடங்கு, அதாவது 6 கிலோ. ஒவ்வொன்றும் 1 சதுர மீட்டர் உள்ள மூன்று பட்டம் என்றால் 18 கிலோ என்று பெருக்கத் தோன்றும். அசையாமல் நிற்கும் அடுக்கில் அப்படிக் கிடைப்பதில்லை. முதல் பட்டம் காற்றைக் கலைத்துவிடுகிறது. பின்னால் நிற்பவை அந்த நிழலில், வேகம் குறைந்து சுழலும் காற்றில் நிற்கின்றன. இதனால் அடுக்கு எழும்புவதற்கு ஒற்றைப் பட்டத்தைவிடச் சற்று அதிகக் காற்று வேண்டும்.

அடுக்கு குறுக்கே பாயும்போது கதை மாறுகிறது. இப்போது பட்டம் உணரும் காற்றில் பெரும்பகுதி அதன் சொந்த வேகத்தால் எதிரே வருவது. கலைந்த காற்று பட்டங்களுக்கு இடையே தங்காமல் பாதையிலேயே பின்தங்கிவிடும். மூன்றும் ஒரே நேரத்தில் புதிய காற்றைச் சந்திக்கின்றன, அதுவும் கூடுதல் வேகத்தில். நிற்கும்போது சாதுவாக இருந்த அடுக்கு பாயத் தொடங்கியதும் ஆளையே இழுப்பது இதனால்தான். கைநூலின் வலிமையை இந்தப் பாய்ச்சலை வைத்துத் தீர்மானிக்க வேண்டும், நிற்கும் இழுவையை வைத்தல்ல. பலத்த காற்றில் துணிக்குப் பதில் வலைபோன்ற பகுதிகள் கொண்ட பட்டங்களை அடுக்கினால் இரட்டை லாபம்: இழுவை குறையும், பின்னால் இருப்பவற்றுக்கும் காற்று போய்ச் சேரும்.

கைநூல் குட்டையாக இருக்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. எல்லாப் பட்டங்களும் நம்மை மையமாகக் கொண்ட வட்டங்களில் ஓடுகின்றன. பின்னால் இருப்பவற்றுக்கு வட்டம் பெரிது. 30 மீட்டர் நூலில் 75 செ.மீ. கூடுதல் என்பது இரண்டரை சதவீதம், யாரும் கவலைப்பட வேண்டாம். 5 மீட்டர் நூலில் அதுவே 15 சதவீதம். பின்பட்டம் அந்த அளவு வேகமாக ஓடினால்தான் ஈடுகொடுக்க முடியும்.

சுழற்சியைப் பற்றிய பயம் மட்டும் தேவையற்றது. அடுக்கு முழுவதும் சேர்ந்து சுழல்வதால் இணைப்பு நூல்கள் முறுக்கிக்கொள்வதில்லை. கைநூல்கள்தான் ஒன்றையொன்று சுற்றும். கைநூலும் டைனீமா போன்ற வழுக்கும் இழையாக இருந்தால் சில சுற்றுகள் விழுந்தாலும் கட்டுப்பாடு போகாது. எதிர்த்திசையில் அதே அளவு சுழற்றினால் பிரிந்துவிடும்.

தரையில் கட்டும்போது பட்டங்களை ஒரே பக்கம் பார்க்குமாறு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு இடைவெளியாக முடிக்கலாம். எந்த நூலும் குச்சியைச் சுற்றிப் போகவில்லை என்று பார்த்துவிட்டு, கடைசிப் பட்டத்தைக் காற்று போகும் பக்கம் இழுத்து விரிக்க வேண்டும். முன்விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்தியிருந்தால் கீழ் நூல்கள் விறைப்பாக இருக்குமாறு கைப்பிடிகளை முளையில் மாட்ட வேண்டும். பிரேக்கில் நிற்கும் அடுக்கு தானாகக் கிளம்பாது. முன்விளிம்பு தரையைத் தொட்டிருந்தால் நேர்மாறு, மேல் நூல்கள்தான் விறைப்பாக வேண்டும். இதை மாற்றிச் செய்தால் நாம் கைப்பிடிக்கு நடந்துவருவதற்குள் அடுக்கு மேலே இருக்கும்.

முதல் தடவை பறக்கும்போது ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்வது நல்லது. ஓட்டுபவர் கண்ணுக்கு முதல் பட்டம் மற்றவற்றை மறைத்துவிடும். முன்விளிம்புகள் இணையாக நிற்கின்றனவா, எந்த இடைவெளியில் நூல் தொய்கிறது என்பதெல்லாம் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதை வைத்து, தவறு தெரியும் முதல் இடைவெளியின் கீழ் நூல்களைச் சில மில்லிமீட்டர் குறைத்தோ கூட்டியோ பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.