ஏஐ உதவியாளருக்கு எந்தக் கருவியைச் சேர்ப்பது?

ஏஐ உதவியாளரோடு இணைக்கிற ஆட்-ஆன் கருவிகளைத் தேடினால் ஒரே வேலைக்குப் பத்துப் பதினைந்து வந்து நிற்கின்றன, எதை வைத்து ஒப்பிடுவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பலரும் நட்சத்திரங்களையும் பதிவிறக்க எண்ணிக்கையையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உதவியாளர் ஒரு கருவியை எப்படிக் கூப்பிடுகிறது என்று தெரிந்துகொண்டால், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

உதவியாளருக்குள் இருக்கும் மொழி மாதிரி (language model) அடுத்த டோக்கனை, அதாவது அடுத்த சொல்லையோ சொல்துண்டையோ, கணித்துக்கொண்டே போகும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். பயிற்சி முடிந்ததற்குப் பிறகு நடந்தது அதற்குத் தெரியாது, பெரிய பெருக்கல்களில் தடுமாறும், உங்கள் கோப்புகளைத் தானாகப் பார்க்க முடியாது. அதனால்தான் வெளிக் கருவிகள் தேவைப்படுகின்றன. 2023 பிப்ரவரியில் மெட்டா ஆய்வாளர்கள் டூல்ஃபார்மர் என்ற ஆய்வில், கால்குலேட்டரையும் தேடலையும் எப்போது அழைப்பது என்பதை மாதிரியே கற்றுக்கொள்ள முடியும் என்று காட்டினார்கள். அடுத்த மாதமே சாட்ஜிபிடிக்கு பிளக்-இன்கள் அறிவிக்கப்பட்டன. 2024-இல் அவை மூடப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம், உதவியாளர்களையும் கருவிகளையும் இணைப்பதற்கான எம்சிபி (Model Context Protocol) என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது, 2025-இல் ஓபன்ஏஐ, கூகுள் போன்றவையும் அதை ஏற்றுக்கொண்டன. பத்து உதவியாளர்கள், நூறு கருவிகள் என்றால் முன்பு ஆயிரம் இணைப்புகள் எழுத வேண்டும். இப்போது ஒவ்வொருவரும் நெறிமுறைக்கு ஏற்ப ஒருமுறை எழுதினால் போதும். கருவிகள் இப்படிக் குவிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? மாதிரி எந்தக் கருவியையும் தானே இயக்குவதில்லை. நீங்கள் பேசத் தொடங்கும்போது, மாதிரியைச் சுற்றியிருக்கும் செயலி ஒவ்வொரு கருவியிடமும் பெயர், விளக்கக் குறிப்பு, என்னென்ன தகவல் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் மூன்றையும் வாங்கி, உங்கள் கேள்விக்கு முன்னால் எழுத்தாக வைத்துவிடுகிறது. மாதிரி அதையும் உங்கள் கேள்வியையும் ஒரே உரையாக வாசிக்கிறது. இப்போது நீங்கள் "நாளைக்குக் குடை எடுத்துக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்கிறீர்கள். கேள்வியில் மழையும் இல்லை, வானிலையும் இல்லை. ஆனால் குடை என்றால் மழை, மழை என்றால் வானிலை என்று கோடிக்கணக்கான வாக்கியங்களில் படிந்துபோன உறவு மாதிரிக்குள் இருக்கிறது. அதனால் அந்த இடத்தில் அடுத்து வரக்கூடியதாக அது கணிப்பது பதில் வாக்கியத்தை அல்ல, வானிலைக் கருவியின் பெயரை. பெயரை எழுதுகிறது, ஊரை எழுதுகிறது, "நாளை" என்பதைக் குறிப்பு கேட்ட வடிவத்தில் தேதியாக மாற்றி எழுதுகிறது, எழுதி நிறுத்திவிடுகிறது. வெளியே இருக்கும் செயலி அந்தத் துண்டை எடுத்து உண்மையான கருவியை இயக்கி, வந்த விடையை உரையின் தொடர்ச்சியாக ஒட்டுகிறது. மாதிரி விட்ட இடத்திலிருந்து மறுபடி கணிக்கத் தொடங்குகிறது. எழுத்தைத் தொடர மட்டுமே தெரிந்த ஒன்றுக்கு வெளியுலகில் வேலை செய்ய இப்படி ஒரு வழி கிடைத்திருப்பது, எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அழகாகவே இருக்கிறது.

இதிலிருந்தே ஒப்பீட்டுக்கான வழி வந்துவிடுகிறது. தேர்ந்தெடுக்கும் நேரத்தில் மாதிரி பார்ப்பது கருவியின் நிரலை அல்ல, அந்தக் குறிப்பைத்தான். பிரமாதமான கருவியாக இருந்தாலும் குறிப்பில் "தரவைப் பெறும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது கூப்பிடப்படாமலே கிடக்கும். எப்போது பயன்படுத்தலாம், எப்போது கூடாது, தேதி எந்த வடிவத்தில் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் குறிப்பு உள்ளதையே எடுங்கள். குறிப்புகள் இடத்தையும் அடைக்கும். ஒரே மாதிரிப் பெயர்களோடு டஜன் கணக்கில் சேர்த்து வைத்தால் டோக்கன் செலவும் கூடும், தேர்வும் குழம்பும்.

குறிப்பை மாதிரி வாசிக்கிறது என்றால், அதில் ஒளித்து வைத்த கட்டளையையும் வாசிக்கும். கருவிக் குறிப்புக்குள் பயனர் கண்ணில் படாத உத்தரவுகளைப் புகுத்தித் தகவலைத் திருட முடியும் என்று 2025 ஏப்ரலில் ஏஐ பாதுகாப்பு நிறுவனமான இன்வேரியன்ட் லேப்ஸ் காட்டியது. கருவி கொண்டுவரும் இணையப் பக்கத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. மென்பொருள் வல்லுநர் சைமன் வில்லிசன் சொல்லும் எச்சரிக்கை இங்கே மிகவும் உதவும்: உங்கள் அந்தரங்கத் தகவலைப் படிக்கும் வசதி, யாரோ எழுதிய உரை உள்ளே வரும் வழி, வெளியே தகவல் அனுப்பும் வழி, இந்த மூன்றும் ஒரே உதவியாளரிடம் சேரக்கூடாது. தனித்தனியே பார்த்தால் சாதுவான மூன்று கருவிகள் சேர்ந்து இந்த நிலையை உண்டாக்கிவிடும். அதனால் புதிய கருவியை, ஏற்கெனவே இருப்பவற்றோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அப்புறம், சோதனை. நீங்கள் உண்மையிலேயே கேட்கும் கேள்விகளில் சிலவற்றை எடுத்து, கருவி தேவையே இல்லாத கேள்விகளையும் கலந்து, ஒவ்வொரு கருவியையும் தனியாக இணைத்துக் கேட்டுப் பாருங்கள். தேவையில்லாதபோது கூப்பிடாமல் இருப்பதும் திறமைதான். மாதிரிகள் கருவிகளை எவ்வளவு சரியாகக் கூப்பிடுகின்றன என்று பெர்க்லி பல்கலைக்கழகக் குழு நடத்தும் தரவரிசையில் அதையும் சோதிக்கிறார்கள். தமிழில் கேட்பவர் தமிழிலேயே சோதிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பதில் ஒவ்வொரு முறையும் மாறலாம் என்பதால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். இப்படிப்பட்ட சார்பற்ற சோதனைகளுக்குப் பொதுப் பணம் தாராளமாகப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விற்பவரே தேர்வு வைத்து விற்பவரே மதிப்பெண் போட்டால் வாங்குபவருக்கு என்ன தெரியும்?

கடைசியாக, வேண்டுமென்றே ஒரு தவறான தேதியையோ இல்லாத ஊரையோ கொடுத்துப் பாருங்கள். சில கருவிகள் வெறும் பிழை எண்ணை மட்டும் திருப்பி அனுப்பும். அதை வைத்து மாதிரியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது, சில சமயம் விடையைக் கற்பனை செய்துவிடும். "முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முன்னால் இருக்கிறது" என்று வாக்கியமாகச் சொல்லும் கருவி என்றால், மாதிரி அதையும் உரையின் ஒரு வரியாக வாசித்து, தேதியைத் திருத்தி, மறுபடி கூப்பிட்டுவிடும். மற்றபடி ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கருவிகளுக்கு நடுவே நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.