அந்த உரப்பையை எரிக்காதீர்கள்

இந்த மாதமும் தெருவில் படுக்கும் ஒருவரை எங்கள் உளநலப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். தலை மொட்டை, முகம் வழித்திருந்தது, புதுச் சாரம், புதுச் சேர்ட், சவர்க்கார வாசம். கூட வந்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான். வெயிலில் நின்று குளிப்பாட்டியிருக்கிறார்கள், கைக்காசு செலவழித்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஐயா திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: "தம்பி, என்ர பை எங்க?"

நாறியதாம். எரித்துவிட்டார்களாம்.

உளநலப் பிரிவில் வேலை செய்யும் எங்களுக்கு அந்த மாதிரி உரப்பைகள் நல்ல பழக்கம். மேலே பழந்துணி, பாண் துண்டு, வெற்றுப் போத்தல். அடியில் சொப்பிங் பை ஒன்றை இரண்டு மூன்றாக மடித்து, றப்பர் வளையம் போட்டு வைத்திருப்பார்கள். கிளினிக் கொப்பி அதற்குள் இருக்கும். அடையாள அட்டையோ அதன் போட்டோப் பிரதியோ இருக்கும். சிலரிடம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் இருக்கும். உடுத்த மாற்றுத் துணி இல்லாதவர் இத்தனை இடப்பெயர்வுக்கும் மழைக்கும் தப்பவைத்து வைத்திருக்கும் கடுதாசிகள் அவை.

கொப்பி போனால் என்ன ஆகும்? மாதாந்த ஊசி போடுகிறவர் என்றால் எந்த ஊசி, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று ஒன்றும் தெரியாது. எந்த ஆஸ்பத்திரியில் காட்டினார் என்று அவருக்குச் சொல்லத் தெரியாவிட்டால், நாங்கள் ஒவ்வொரு கிளினிக்காகத் தொலைபேசி எடுத்து, இப்படி ஒரு ஆள் வருவாரா என்று விசாரிக்க வேண்டும். அடையாள அட்டை போனாலோ பொலிஸ் முறைப்பாடு, பிறப்புப் பத்திரம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் எல்லாம் வேண்டும். எந்தக் கிராம அலுவலர்? பஸ் நிலையத்துக் கடை வாசலில் படுப்பவருக்கு எந்த விதானையார் கையெழுத்து வைப்பார்? பிறந்தது ஒரு பிரிவில், 1995 இடப்பெயர்வோடு போனது வன்னிக்கு, இப்போது படுப்பது இன்னொரு பிரிவில். மூன்று கந்தோரும் ஒன்றையொன்று கைகாட்டும். அட்டை இல்லாமல் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிக் காசு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. ஒரு தீக்குச்சியால் வந்த வேலை இவ்வளவும்.

சரி, இனி எனக்கு மிக எரிச்சல் தரும் விடயத்துக்கு வருகிறேன். குளிப்பாட்டுவதைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றும் வீடியோ.

ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "சொந்தக்காரர் ஆரும் பார்த்து வந்து கூட்டிக்கொண்டு போவினம் எண்டுதான்." கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று சொந்தக்காரருக்குப் பெரும்பாலும் தெரியும். இது கொழும்பு இல்லை, யாழ்ப்பாணம். பஸ் நிலையத்தில் ஒருவர் படுத்தால் ஒரு கிழமைக்குள் ஊருக்குக் கதை போய்விடும். அவர்கள் வராமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அடி வாங்கிய மனைவி இருக்கலாம். காணிச் சண்டை இருக்கலாம். வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன அம்மா இருக்கலாம். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பயந்த தங்கச்சி இருக்கலாம். சரி பிழை வேறு கதை. சோகப் பாட்டுப் போட்டு, "பெற்ற பிள்ளைகளே கைவிட்ட தந்தை" என்று தலைப்பு வைத்து நீங்கள் ஏற்றும் வீடியோவைக் கனடாவில் இருக்கும் மகன் பார்ப்பான், அவன் வேலை செய்யும் இடத்தில் இருக்கும் நம்மாட்கள் பார்ப்பார்கள், கீழே முன்பின் தெரியாதவர்கள் வந்து திட்டுவார்கள். அதன்பிறகு அவன் காசு அனுப்புவான் என்றா நினைக்கிறீர்கள்? யாருக்கும் சொல்லாமல் வெள்ளிக்கிழமைகளில் சோற்றுப் பார்சல் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்த அக்காமார், வீடியோவுக்குப் பிறகு அந்தப் பக்கமே வராமல் போனதைக் கண்டிருக்கிறேன். ஒரு குடும்பத்தோடு நாங்கள் மெல்ல மெல்லக் கதைத்துத் திறந்து வைத்திருந்த கதவு ஓர் இரவில் சாத்தப்பட்டுவிடும்.

இன்னொன்று. மருந்து வேலை செய்யும், அவர் தேறுவார். தேறி ஒரு கடையில் வேலைக்குப் போவார். அப்போதும் அந்த வீடியோ இருக்கும். "அவரே ஓமெண்டுதான் சொன்னவர்" என்று சொல்லாதீர்கள். பசியில் இருப்பவர் பார்சலைக் கையில் வைத்திருப்பவரிடம் இல்லை என்று சொல்ல மாட்டார். பெண் என்றால் நிலைமை இன்னும் மோசம்: அவர் யாரிடமிருந்து தப்பி வந்தாரோ அந்த ஆளுக்கே இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறீர்கள். உண்மையில் காணாமல்போய்த் தேடப்படுகிறவர் என்று தோன்றினால் படத்தைப் பொலிஸுக்குக் கொடுங்கள், கிராம அலுவலருக்குக் காட்டுங்கள். அதற்குப் பின்னணி இசை தேவையில்லை.

அடுத்தது, "ஆஸ்பத்திரியில் விட்டால் முடிந்தது" என்ற நினைப்பு. தெருவில் இருக்கும் எல்லோருக்கும் விசர் இல்லை. வழி மறந்த முதியவர் இருப்பார், வலிப்புக்காரர் இருப்பார், குடியால் வந்தவர் இருப்பார், ஒரு நோயும் இல்லாமல் வீடு மட்டும் இல்லாதவரும் இருப்பார். நோய் இருப்பவரையும் சில கிழமையில் துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் செய்து, அனுப்பத்தான் வேண்டும். வாட்டுக் கட்டில் வீடாகாது. எங்கே அனுப்புவது? கைதடியில் முதியோர் இல்லம் இருக்கிறதே என்பார்கள். சட்டப்படி 60 தாண்டினால்தான் முதியவர். 45 வயதுக்காரரை எங்கே விடுவது?

இங்கேதான் எங்களுக்கு ஆள் வேண்டும். ஒருநாள் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிறவர் இல்லை, தெரிந்த ஆள்.

எனக்குத் தெரிந்த ஒரு தேநீர்க் கடைக்காரர் இருக்கிறார். அவரிடம் கேட்டால் தான் தொண்டன் என்று சொல்ல மாட்டார். கடை வாசலில் படுக்கும் ஒருவருடைய குளிசைகள் அவருடைய பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கின்றன. காலையில் பிளேன்டியும் ஒரு பணிஸும், அப்புறம் குளிசை. "விழுங்கு" என்று அவர் சொல்வதில்லை. "ஐயா, உங்கட சாமான்" என்று நீட்டுவார். வாங்காத நாளில் வற்புறுத்த மாட்டார். எனக்கு அழைப்பு எடுப்பார். கிளினிக் நாளில் ஓட்டோக்காரத் தம்பி ஒருவன் ஏற்றிவருவான். கவுண்டரில் "நீங்கள் இவருக்கு என்ன முறை?" என்று கேட்பார்கள். "தெரிஞ்ச ஆள்" என்பான். அது போதும். துணைக்கு ஒருவர் நிற்கிறார் என்று கண்டால் எங்கள் ஆட்கள் நடந்துகொள்ளும் விதமே மாறும். எங்களைப் பற்றியே சொல்கிறேன், வெட்கம்தான்.

அப்படிப் பழக விரும்புகிறவர்கள் முதல் சில தடவை வெறுங்கையோடு போங்கள். சாப்பாடு கொடுக்க இங்கே ஆள் இருக்கிறது. சந்நிதி முருகனுக்குப் பெயரே அன்னதானக் கந்தன்; நல்லூர்த் திருவிழா 25 நாளும் தெருவெங்கும் தண்ணீர்ப்பந்தல். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரைத் தண்ணீரை நாலு பந்தலிலும் கொடுத்துப் புண்ணியம் தேடுகிறோம். குறைவது கதைக்க ஆள்தான். ஒரே நேரத்துக்குப் போங்கள், பக்கத்தில் குந்துங்கள், "டேய்" என்று கூப்பிடாதீர்கள். ஊரைக் கேளுங்கள், கோயிலைக் கேளுங்கள். இயக்கம், முகாம், காணாமல்போனவர்கள் பற்றி அவராகத் தொடங்கும்வரை நீங்கள் தொடாதீர்கள்.

பழகிய பிறகு அவருக்காகக் கதைக்க வேண்டிய இடங்கள் வரும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேட்டுப் பிடியுங்கள். வாட்டில் துண்டு வெட்ட முன்னம் "இவர் இரவு எங்கே படுப்பார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள், பதில் வரும்வரை நில்லுங்கள். வேலையில்லாமல் அலைபவர்களைப் பிடிப்பதற்கென்று வெள்ளைக்காரன் 1841இல் போட்ட கட்டளைச் சட்டத்தை வைத்து யாராவது அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால், ஒரு சட்டத்தரணியோடு போய் இவரை எனக்குத் தெரியும் என்று சொல்லுங்கள்.

இனிச் சில எச்சரிக்கைகள். தினமும் குடிப்பவரைத் திருத்துவதாகச் சொல்லி அறையில் பூட்டிக் குடியைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணில் தெரிவது என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். வாட்டில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துக் கிடத்துங்கள். கையில் இரும்புத் திறப்பைத் திணிக்காதீர்கள் (இன்னும் எத்தனை வருடம் இதைச் சொல்ல வேண்டுமோ). ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் 1990 இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அதற்குக் காசில்லை. செருப்பை ஒருமுறை கழற்றச் சொல்லிக் காலைப் பாருங்கள். நீரிழிவுக் காலில் புழு வைக்கும்வரை அவருக்கு நோகாது. மாரியில் வெள்ளத்துக்குள் நிற்கும் கால்களை இன்னும் கவனியுங்கள். 2024 மார்கழியில் எலிக்காய்ச்சல் இங்கே என்ன செய்தது என்று மறந்திருக்க மாட்டீர்கள். காய்ச்சல், உடம்புநோ என்று சொன்னால் பனடோல் கொடுத்துவிட்டுப் போகாமல் அன்றே கூட்டி வாருங்கள். அடையாள அட்டை இல்லை என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் மறுக்க முடியாது.

பெண் ஒருவர் தெருவில் இருந்தால் ஆண்கள் மட்டும் போகவே கூடாது. பெண் தொண்டர் ஒருவரோடு போங்கள், பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்குத் தெரியப்படுத்துங்கள். மனநிலை பற்றிச் சந்தேகம் என்றால் 1926க்கு எடுத்துக் கேட்கலாம். தேசிய உளநல நிறுவனத்தின் இலக்கம் அது.

குளிப்பாட்டத்தான் வேண்டும் என்றால் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தலையை வழிக்க விருப்பமில்லை என்றால் விடுங்கள், பேன் மருந்து இருக்கிறது. ஏற்கெனவே வீடியோ போட்டிருக்கிறவர்களிடம் ஒரு தயவு: இன்றைக்கே எடுத்துவிடுங்கள், மற்றவர்கள் பகிர்ந்தவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த ஆளைத் தேடிப் போங்கள். கொப்பி தொலைந்திருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள், புதிது போட்டுத் தருவோம்.